கொடும்பாவிக்கு எழுதிய முகம்

மன்னிப்பது பெரிய குணம் என்று எனக்குச் சொல்லாதவர்கள் கிடையாது. என் கணவர் சொன்னார், என் மகள்கள் சொன்னார்கள், கோயில் பூசாரி இரண்டு முறை வீடு தேடி வந்து சொன்னார். சொன்னவர்களில் ஒருவர் கழுத்திலும் ஊர் பார்க்கக் காலிப் புட்டியைக் கட்டித் தொங்கவிட்டதில்லை. என் கழுத்தில் கட்டினார்கள். நான் மன்னிக்கவில்லை. வாங்கியதை எப்படித் திருப்பிக் கொடுத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மனம் வருந்தி எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். நினைக்கும்போதெல்லாம் இனிக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. கம்பும் கொள்ளும் நிலக்கடலையும் விளையும், மழை மனது வைத்தால். எங்களுக்குக் கொஞ்சம் மேட்டுக்காடு இருந்தது. அது போதாமல் என் கணவர் பார வண்டி ஓட்டினார். ஜமீன்போல நிலம் ஆண்ட பக்கத்து மிட்டாதாரர் புது பங்களா கட்டியபோது சங்ககிரி ரயிலடியிலிருந்து கல்லும் சுண்ணாம்பும் ஏற்றி வந்தது அவர் வண்டிதான். ஒருநாள் அந்த வண்டியில் பளிங்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஓர் இத்தாலிக்காரரும் அவர் மனைவியும் வந்து இறங்கினார்கள். வண்ணப் பளிங்குத் துண்டுகளைப் பதித்துத் தரை போடுவது அவருக்குத் தொழில். கூடத்துக்குத் தரை போட வந்தவரை மிட்டாதாரர் விடவில்லை. பூசையறைக்கு மயில் வேண்டும் என்றார், மாடிக்குத் தாமரை வேண்டும் என்றார். வேலை வருஷக்கணக்கில் நீண்டது. எங்கள் வீட்டுக்கு எதிரே பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள்.

வெள்ளைத் தோல் என்றால் எங்கள் ஊருக்கு எல்லாம் ஒன்றுதான். அவரைத் துரை என்றார்கள், அவளைத் துரைசானி என்றார்கள். "நான் இங்கிலீசு இல்லீங்க" என்று அவள் தெருவெல்லாம் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? தமிழை என்னிடம்தான் கற்றுக்கொண்டாள். அதனால் எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க' போடுவாள். "கோழிங்க வேகுதுங்க, நாய்ங்க பாக்குதுங்க" என்பாள். நாய்க்கும் மரியாதை தருகிற ஒரே பெண்பிள்ளை இவள்தான் என்று என் கணவர் சிரிப்பார்.

அவளுக்கும் எனக்கும் சிநேகம் உண்டானது சந்தகைக் கட்டையால். ஒருநாள் காலையில் வெந்த மாவைக் கட்டைக்குள் திணித்து நான் அழுத்திக்கொண்டிருந்தேன். நெருப்புக் கேட்க வந்தவள், கீழே இடியாப்பம்போல் நூல் நூலாக இறங்குகிற சந்தகையைப் பார்த்துவிட்டு, வந்த காரியத்தை மறந்து கைதட்டினாள். ஓடிப்போய்க் கோதுமை மாவை முட்டை விட்டுப் பிசைந்து எடுத்து வந்தாள். அதை என் கட்டையில் போட்டு இருவரும் கைப்பிடியில் தொங்கினோம். கட்டை உடையாமல் தப்பியது மாரியாத்தா புண்ணியம். இறங்கிய கயிற்றை அவள் கொதிநீரில் வேகவைத்து, சீமைத் தக்காளியும் பூண்டும் நல்லெண்ணெயில் வதக்கி மேலே ஊற்றினாள். தன் ஊர்ச் சாப்பாட்டு எண்ணெய் கிடைக்காத குறையை எங்கள் செக்கு எண்ணெய் தீர்த்துவிட்டது என்று சொல்லி நக்கிச் சாப்பிட்டாள். நான் அவளுக்குப் பச்சைப்புளி ரசம் செய்து கொடுத்தேன். அதை அவள் சாப்பாட்டுக்கு முன்னால் கிண்ணத்தில் குடித்தாள். கொள்ளுப் பருப்பை மட்டும் கடைசிவரை அவளால் விழுங்க முடியவில்லை. அந்த விஷயத்தில் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம்.

திராட்சை மதுவும் அந்த அடுப்படியில்தான் எனக்கு அறிமுகம். மதராசிலிருந்து மரப்பெட்டியில் வரும். தொப்பை பெருத்த கண்ணாடிப் புட்டி, இடுப்புவரை வைக்கோலால் பின்னியிருப்பார்கள். கோழியைச் சின்ன வெங்காயத்தோடும் மிளகோடும் வதக்கி, அதன்மேல் அந்த மதுவை ஊற்றி மூடி வைப்பாள். மூடியைத் திறக்கும்போது வரும் வாசனைக்கு எதிர்வீட்டில் இருக்கும் எனக்குக் கால் தானாக நடக்கும். சாப்பிடும்போது ஆளுக்கு அரை டம்ளர். அதற்கு மேல் ஒரு சொட்டுக் கிடையாது. சோறு இல்லாமல் அதைத் தொடுவதும் கிடையாது. தட்டு வராமல் புருஷன் புட்டியைத் தொட்டால் கரண்டியால் கையில் அடிப்பாள். எனக்கும் ஊற்றினாள். நாவல்பழம் தின்ற பிறகு நாக்கில் நிற்குமே ஒரு துவர்ப்பு, அதுதான் முதலில் தெரிந்தது. பிறகு நெஞ்சுக்குள் ஓர் இளஞ்சூடு. எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. குடும்பத்துப் பெண் இதை எழுதலாமா என்று கேட்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குழம்பு கொதிக்கும் நேரத்தில் நாங்கள் படம் எழுதுவோம். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கரித்துண்டு கிடைத்தால் கை சும்மா இருக்காது. அடுப்படிச் சுவர் முழுக்க மூஞ்சிகளாக இருக்கும். மாமியார் உயிரோடு இருந்தவரை அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். துரைசானி எனக்குக் காகிதமும் தூரிகையும் கொடுத்தாள். அவளுக்கு முகங்களில் ஆசை இல்லை. கத்தரிக்காய், சொம்பு, வெட்டிய பூசணி, வெயில் விழுந்த மது டம்ளர், இவற்றைத்தான் எழுதுவாள். கத்தரிக்காய் அசையாது, பேசாது, கோபிக்காது என்பாள். எனக்கு அசைகிறதும் பேசுகிறதும்தான் வேண்டும். ஒரு முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டால் போதும், அது என் கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி மணியக்காரர். எங்கள் ஊருக்கு வரி வசூலும் நியாயமும் அவர் குடும்பத்தின் கையில் பரம்பரையாக இருந்தது. ஆள் தாட்டியானவர். கீழுதடு தடித்துத் தொங்கும். இடது கண் எப்போதும் பாதி மூடியிருக்கும், எதையோ யோசிப்பதுபோல. அவர் யோசித்ததெல்லாம் அடுத்த டம்ளர் எங்கே என்பதுதான். துரை வீட்டுக்குக் கணக்குப் பார்க்க வந்தேன், காவல் பார்க்க வந்தேன் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு வருவார். நாற்காலியில் உட்கார்ந்தால் புட்டி காலியாகும்வரை எழமாட்டார். தட்டு வைத்தால் தொடமாட்டார். "சோத்தத் தின்னு வகுத்த அடைக்கறதுக்கா வந்தேன்?" என்பார். துரைசானிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆனால் ஊர்த் தலைவரை எப்படி விரட்டுவது?

அப்போதுதான் சேலம் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடைகளை மூடினார்கள். பெண்கள் குலவை போட்டோம், நானும் போட்டேன். கள்ளுக்குத் தாலிக்கொடியை அடகு வைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் பர்மிட் உண்டு, அவர்கள் வீட்டுக்குள் வைத்துக் குடிக்கலாம். ஊரில் யாரும் தொடக்கூடாது என்பதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? மணியக்காரருக்குத்தான். பாலுக்குப் பூனை காவல்.

மாரியம்மன் கோயிலில் ஊரைக் கூட்டி, எரிகிற சூடத்தை அணைத்து அவர் சத்தியம் செய்தார். இனி தானும் தொடமாட்டேன், தொடுகிறவனையும் விடமாட்டேன் என்றார். நெற்றி நிறைய விபூதி பூசி, அம்மனுக்குச் சாத்திய மாலையைப் பூசாரி எடுத்து அவர் கழுத்தில் போட்டார். பெண்கள் சிலர் அழுதேவிட்டார்கள். அன்று சாயங்காலம் நான் துரைசானி வீட்டு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். புழக்கடைப் படல் அசைந்தது. மணியக்காரர் உள்ளே வந்தார். மாலையைக்கூடக் கழற்றவில்லை. துரையின் முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினார்.

நான் வெங்காயத்தை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். மாலை, விபூதி, தொங்குகிற உதட்டில் முட்டுக்கொடுத்த டம்ளர், பாதி மூடிய கண். அரிசி வேகும் நேரத்துக்குள் படம் முடிந்துவிட்டது. துரைசானி அதைப் பார்த்து, கத்தரிக்காயைவிட இது மேல் என்று முதல் தடவையாக ஒப்புக்கொண்டாள். சுவரில் ஒட்டி வைத்தாள். அடுத்த முறை வந்தபோது மணியக்காரர் அதைப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நல்லாத்தான் எழுதியிருக்கற புள்ள. இங்க குடு அத" என்றார்.

"அது துரைசானியோடதுங்க" என்றேன்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "என் சொவருங்க, என் படமுங்க" என்றாள். அவர் எழுந்து போனார். அன்றைக்கு டம்ளரில் பாதி மீதம் இருந்தது. அவர் மீதம் வைத்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு சீமையில் பெரிய சண்டை வந்தது. இத்தாலி எதிரி நாடாகிவிட்டது என்றார்கள். எங்கள் ஊரில் தரை போட்டுக்கொண்டிருந்தவர் யாருக்கு எதிரி? ஒருநாள் சங்ககிரியிலிருந்து போலீஸ் லாரி வந்தது. எதிரி நாட்டுக்காரர்களையெல்லாம் எங்கோ முகாமில் வைக்கப் போகிறார்களாம். சாமான் கட்டக்கூடச் சரியாக நேரம் கொடுக்கவில்லை. அடுப்பில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது. துரைசானி என் கையில் படங்களையெல்லாம் சுருட்டிக் கொடுத்தாள், தூரிகைகளைக் கொடுத்தாள், கடைசியாகப் பெட்டியில் மீந்திருந்த ஒரு முழுப் புட்டியையும் கொடுத்தாள்.

"நான் வாரப்பத் தெறக்கலாமுங்க. ரெண்டு பேரும். சோத்தோடங்க" என்றாள்.

லாரி போன பிறகு நான் உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். அந்தக் கோழியை யாரும் சாப்பிடவில்லை. அவள் திரும்பி வரவும் இல்லை. இருக்கிறாளா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

புட்டியைக் கம்பு கொட்டி வைக்கும் மொடாப் பானைக்குள் புதைத்து வைத்தேன். சட்டப்படி தப்பு என்று தெரியும். குடிக்க அல்ல, ஒருத்திக்குக் கொடுத்த வாக்குக்காக வைத்திருந்தேன். துரைசானி இருந்தவரை என்மேல் கை வைக்காத மணியக்காரர், அவள் போனதும் ரொம்ப நாள் காத்திருக்கவில்லை. என் கணவர் வண்டியோடு பள்ளிபாளையம் போயிருந்த ஒரு காலையில், தலையாரியைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். என் வீட்டில் சாராயம் இருப்பதாகத் தகவலாம். மொடாவைக் கவிழ்த்தார்கள். கம்போடு சேர்ந்து புட்டியும் உருண்டு வந்தது. அவர் அதைத் தலையாரியிடம் கொடுத்துவிட்டு, "இன்னும் தேடு" என்றார். அவர் தேடி வந்தது புட்டியை அல்ல என்று அப்போது தெரிந்தது. பெட்டியைத் திறந்து படங்களை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன்னுடையதைக் கண்டதும் அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அதை மட்டும் கிழித்தால் சந்தேகம் வரும் என்று எல்லாவற்றையும் வாசலில் போட்டு எரித்தார். என் மகள்களின் முகங்கள், என் தாயின் முகம், துரைசானியின் கத்தரிக்காய்கள், எல்லாம் போயின. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

முறைப்படி என்னைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் புட்டியையும் ஒப்படைக்க வேண்டுமே! அதனால் ஊர்ப் பஞ்சாயத்தாகவே முடித்துவிட்டார். சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. வைக்கோல் பின்னிய அந்தப் புட்டியைச் சணல் கயிற்றில் கட்டி என் கழுத்தில் மாட்டினார்கள். காலையில் நிறைந்த புட்டியாக என் வீட்டை விட்டுப் போனது, சாயங்காலம் காலிப் புட்டியாக என் கழுத்துக்கு வந்தது.

"உள்ள இருந்தது எங்கீங்க?" என்று கேட்டேன்.

"மண்ணுல கொட்டியாச்சு" என்றார் மணியக்காரர். பேசும்போது அடித்த வாசனையில் அது எந்த மண் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முன்வரிசையில் நின்றவர்களுக்கும் தெரிந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. விளக்கு வைக்கும்வரை அப்படியே நின்றேன். என்னோடு குலவை போட்ட பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

அன்றோடு என் பெயர் போய் 'புட்டிக்காரி' ஆனது. கிணற்றடியில் நான் போனால் பேச்சு நிற்கும். என் மகள்களைப் 'புட்டிக்காரி மக' என்றார்கள். பெரியவளுக்கு வந்த வரன், சந்தையில் யாரோ சொன்னதைக் கேட்டுப் பாதி வழியில் திரும்பிப் போனது. அதுதான் எனக்குத் தாளவில்லை. நான் செய்த தப்புக்கு நான் நின்றாயிற்று. என் பிள்ளை எதற்கு நிற்க வேண்டும்?

"உடு புள்ள. மேல ஒருத்தன் இருக்கறான், அவம் பாத்துக்குவான்" என்றார் என் கணவர்.

"மேல இருக்கறவனுக்கு ஆயிரம் சோலி இருக்குமுங்க. இது என்ற சோலி" என்றேன்.

அந்தப் புட்டியை நான் எறியவில்லை. அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டி வைத்தேன். களி கிண்டும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். களி நன்றாக இறுகும்.

இரண்டு மழைக்காலம் பொய்த்தது. கிணறுகளில் பாறை தெரிந்தது. மாடுகளைச் சந்தைக்கு ஓட்டினார்கள், வாங்கத்தான் ஆளில்லை. பொங்கல் வைத்தார்கள், கழுதைக்குக் கல்யாணம் செய்தார்கள். கடைசியில் கொடும்பாவி இழுப்பது என்று முடிவானது. ஊரில் எவனோ ஒரு மகாபாவி இருப்பதால்தான் மழை பெய்யவில்லை என்பது கணக்கு. அந்தப் பாவியை வைக்கோலில் கட்டி, பானையைத் தலையாக வைத்து, முகம் எழுதி, கயிறு போட்டுத் தெருத்தெருவாக இழுத்து, செத்த பிணத்துக்கு அழுவதுபோல் அழுது, எல்லையில் கொண்டுபோய் எரிக்க வேண்டும். இழுக்கும்வரை முகத்தைத் துணியால் மூடி வைப்பார்கள். அடி விழும் முன்னே திறந்த முகம் யார் வீட்டைப் பார்த்தாலும் அந்த வீட்டுக்கு ஆகாது. துணியை எடுப்பதும், சீமாற்றுத் துடைப்பத்தால் முதல் அடி அடிப்பதும் மணியக்காரர் உரிமை. துணியை எடுத்துவிட்டால் எரிக்கும்வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மழை ஏழு ஊர் தாண்டிப் போய்விடும்.

வழக்கமாக முகத்தைப் பானை செய்கிறவரே எழுதிவிடுவார். அந்த முறை அவர் மருமகள் மாசமாக இருந்தாள். பாவியின் முகம் எழுதிய கை பிள்ளையைத் தொடக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார். வேறு யாரும் முன்வரவில்லை. யார் எழுதுவது என்று ஊர் விழித்தபோது மணியக்காரர் ஒரு வழி சொன்னார்.

"பாவி மொகத்தப் பாவியே எழுதட்டும். அந்தப் புட்டிக்காரிக்குத்தான் மூஞ்சி எழுத வருமே" என்றாராம்.

எல்லோரும் சிரித்தார்களாம். எழுதுகிறவர் வீட்டுக்கு மணியக்காரரே நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் முறை. எனக்கு அதையும் செய்யவில்லை. தலையாரி கையில் இரண்டு காய்ந்த வெற்றிலையைக் கொடுத்தனுப்பினார். நான் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தலையாரிக்கு ஒன்றும் புரியவில்லை. தெய்வம் நேரில் வந்து கேட்டது போல இருந்தது எனக்கு.

பானையை மடியில் கவிழ்த்து வைத்து உட்கார்ந்தேன். கரி, சுண்ணாம்பு, காவி, மஞ்சள். அவர் காகிதத்தை எரித்தார், கையை எரிக்கவில்லையே. கீழுதட்டைத் தனியாகக் களிமண்ணில் பிடித்து ஒட்டினேன், தடித்துத் தொங்குகிற மாதிரி. இடது கண்ணைப் பாதி மூடினேன். மூக்கு நுனியில் காவி வைத்தேன். நெற்றி நிறைய விபூதி. கழுத்துக்கு எருக்கம்பூ மாலை. எல்லாம் முடிந்த பிறகு ஆணியிலிருந்து புட்டியைக் கழற்றினேன்.

என் கணவர் உள்ளே வந்து பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். போச்சு, தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வெளியே போய் ஒரு கயிற்றோடு திரும்பி வந்தார்.

"சணல் அறுந்துரும் புள்ள. மாட்டுக் கவுறு போட்டுக் கட்டு" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதில் அதற்கு மேல் அன்பான வார்த்தை எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலையில் ஊர் முழுக்கக் கோயில் முன்னால் திரண்டது. பறை முழங்கியது. இடுப்பிலிருந்து தலைவரை துணி மூடிய கொடும்பாவி நடுவில் கிடந்தது. மணியக்காரர் வலது கையில் சீமாற்றோடு வந்தார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். குனிந்து துணியை உருவினார்.

பறை நின்றுவிட்டது. கொடும்பாவியும் மணியக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் இடது கண் பாதி மூடியிருந்தது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அடுத்த மூச்சில் ஊரே சிரித்தது. வறட்சி வந்ததிலிருந்து இந்த ஊர் இப்படிச் சிரித்ததே கிடையாது.

மணியக்காரர் துணியைத் திரும்பப் போடக் குனிந்தார். பூசாரி ஓடிவந்து கையைப் பிடித்தார். "எடுத்த துணியப் போடப்படாதுங்க. மழ போயிருமுங்க" என்றார். மணியக்காரர் சீமாற்றைக் கீழே போடப் பார்த்தார். "அடிக்காம உடப்படாதுங்க" என்றார்கள் பெரியவர்கள். அவர் தன் முகத்தின்மேல் தானே பொத்தென்று மெல்ல ஓர் அடி போட்டார்.

"ஓங்கிப் போடுங்க மணியக்காரரே! மழ வரோணுமில்ல?" என்று கத்தினேன். என் குரல்தான். "ஆமாங்க, ஓங்கிப் போடுங்க!" என்று நாலு பக்கமும் குரல் வந்தது. ஓங்கிப் போட்டார். களிமண் உதடு பிய்ந்து விழுந்தது.

அதற்குப் பிறகு கொடும்பாவியை அவர்களே இழுத்துக்கொண்டு போனார்கள், நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் அன்றைக்குத்தான் வாய் திறந்தார்கள். கம்பு மொடாவிலிருந்து எடுத்த புட்டியை எந்த மண்ணில் கொட்டியது என்று ஒருத்தி கேட்டு அழுதாள். அணைத்த சூடம் ஆறும் முன்னே யார் வீட்டுப் புழக்கடை என்று இன்னொருத்தி கேட்டு மாரடித்தாள். தெரிந்திருக்கிறது, எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. எல்லையில் தீ வைத்தபோது புட்டி வெடித்த சத்தம் எங்கள் தெருவரை கேட்டது.

மறுநாள் சாயங்காலம் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, கரை உடைகிற மழை. நான் சந்தகை பிழிந்து, கோழியைச் சின்ன வெங்காயத்தோடும் மிளகோடும் வதக்கி, ஓட்டில் மழை விழுகிற சத்தத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஊற்றுவதற்கு மட்டும் மது இல்லை. அதைத்தான் அவர் குடித்துவிட்டாரே. அந்த ஒரு குறையை என்னால் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. துரைசானியோடு உட்கார்ந்து திறக்க வேண்டிய புட்டி அது.

அதிலிருந்து என்னை யாரும் புட்டிக்காரி என்று கூப்பிடவில்லை. அந்தப் பெயர் தெருவைத் தாண்டிப் பெரிய வீட்டுக்குக் குடிபோனது. 'புட்டி மணியம்' என்றால் குமாரபாளையம் சந்தைவரை தெரியும். என் பெரியவளுக்கு அந்த வருஷமே கல்யாணம் முடிந்தது. மணியக்காரர் முன்வந்து மொய் எழுதினார். நான் வாங்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்குப் போதும். ஆனால் தெய்வம் கொடுக்கும்போது கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும். சில வருஷம் கழித்து மறுபடியும் மழை பொய்த்தது. மறுபடியும் கொடும்பாவி என்று பேச்சு எழுந்தது. இந்த முறை ஊர்ப் பெரியவர்கள் மணியக்காரரை முன்னால் நடத்திக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். போன முறை வெற்றிலையை ஆள் மூலம் அனுப்பியது குறை, இந்த முறை முறைப்படி அவரே தட்டோடு வர வேண்டும் என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். புது வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு தேங்காய். தட்டைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். ரொம்ப இளைத்திருந்தார்.

நான் தட்டைத் தொடவில்லை. "என்ன மொகம் எழுதோணுமுங்க?" என்று கேட்டேன்.

மணியக்காரருக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "போன தடவ எழுதினதேதானுங்க அம்மணி. மழ வந்த மொகத்த மாத்தப்படாது" என்றார்.

"எனக்கு வயசாயிருச்சு, நெனவு தப்புதுங்க. அது யாரு மொகமுங்க?" என்று மணியக்காரரையே பார்த்துக் கேட்டேன்.

என் கணவர் மாட்டுக் கொட்டகையில் வேலை செய்வதுபோல் காட்டிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார். மணியக்காரரின் கீழுதடு ஆடியது.

"எம்பட மொகந்தானுங்க" என்றார்.

என்னை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் தட்டை வாங்கிக்கொண்டேன். உள்ளே போய்ப் பானையையும் கரியையும் எடுத்து வந்தேன். கொட்டகையிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வாசலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடும்படி என் கணவரிடம் சொன்னேன்.

"உக்காருங்க மணியக்காரரே. மொகம் முன்ன மாதிரி இல்ல, வத்திப்போச்சு. வெளிச்சத்துப் பக்கமாத் திரும்பி உக்காருங்க, பாத்து எழுதோணும்" என்றேன்.